பழைய வண்டி மலையேறிய வரலாறு



சாலை முடிகின்ற இடத்தில் வண்டியும் நின்றுவிடுவது உலக வழக்கு. ஆனால், மலைச்சரிவில் காய்கறி பயிரிடுவோரின் தோட்டமும், மரம் வெட்டுவோரின் காடும் சாலை முடிந்த பின்னர்தான் தொடங்குகின்றன. அங்கே போய்வர வண்டி வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. கையில் பணமுள்ளவர் அதற்கென்றே செய்யப்பட்ட புதிய நாற்சக்கர உந்தை வாங்கிக்கொள்கிறார். அவ்வளவு பணம் இல்லாதவர் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, பட்டறையில் நிறுத்தி, வெட்ட வேண்டியதை வெட்டி, ஒட்ட வேண்டியதை ஒட்டித் தமக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்கிறார்.

இந்த இரண்டாம் வழியைச் சிலர் ஏழையின் ஒட்டுவேலை என்று ஏளனமாகப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்த ஏளனம் நிற்காது. காட்டிலும் மேட்டிலும் ஓடும் வண்டிகளில் உலகப் புகழ் பெற்ற லேண்ட் ரோவர், அதன் முதல் வடிவத்தில், போரில் கழித்துவிடப்பட்ட ஒரு பழைய ஜீப்பின் மீது செய்யப்பட்ட ஒட்டுவேலைதான். அந்தக் கதையையும், அதே வண்டி நம் நாட்டு மலைகளில் மறுபடி எப்படி மாற்றப்பட்டது என்பதையும் இன்று காண்போம்.

கதை 1940ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனாலும் அதன் தரைப்படை முன்னேற்பாட்டில் இறங்கியிருந்தது. எடை குறைந்ததாகவும், நான்கு சக்கரங்களும் உந்தப்படுவதாகவும் உள்ள ஒரு சிறு வண்டி வேண்டுமென்று அவ்வாண்டு ஜூலையில் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. முதல் மாதிரி வண்டியை 49 நாட்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய நிறுவனங்கள் தயங்கின. பென்சில்வேனியா மாநிலத்தில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த பேண்டம் என்னும் சிறு நிறுவனம் துணிந்தது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் சில நாட்களிலேயே வரைபடங்களை முடித்தார். 1940 செப்டம்பர் 23ஆம் நாள், கெடு முடிவதற்குச் சற்று முன்பாக, வண்டி படையினரின் சோதனைக் களத்துக்குள் நுழைந்தது.

பேண்டம் நிறுவனத்துக்குக் கிடைத்த பலன் மிகச் சிறிது. அத்தனை வண்டிகளைச் செய்து தர அதனால் இயலாது என்று கருதிய படைத்துறை, வில்லிஸ் ஓவர்லேண்ட், போர்டு ஆகிய நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைத்தது. போர் முடிவதற்குள் இவ்விரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. வழி காட்டியவன் ஒருவன், வருவாய் பார்த்தவன் வேறொருவன்!

அந்த ஜீப்பின் என்ஜின் 60 குதிரைத்திறன் உடையது. இன்றைய சிறிய குடும்பக் கார்களிற்கூட அதைவிட ஆற்றல் மிகுந்த என்ஜின்கள் உள்ளன. பிறகு எப்படி அது சேற்றிலும் மணலிலும் ஏறியது? இங்கே சற்று நின்று, வண்டியின் உள்ளமைப்பைப் பார்ப்பது நல்லது.

சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களே உந்துகின்றன. மற்ற இரண்டும் வெறுமனே உருளுகின்றன. ஜீப்பில் நான்கும் உந்தும்படி செய்ய முடியும். இது முதற் சிறப்பு. இரண்டாவது சிறப்பு வெளிக்குத் தெரியாதது. வழக்கமான கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு துணைக் கியர்ப் பெட்டி உண்டு. அதன் தாழ்நிலைக் கியரை இட்டால் ஜீப்பின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சக்கரத்தைத் திருப்பும் விசை ஏறத்தாழ இரு மடங்காகும். பின்னால் வந்த லேண்ட் ரோவரில் இந்த வேறுபாடு இரண்டரை மடங்கு. மனிதன் நடக்கும் வேகத்திலும் குறைந்த வேகத்தில், என்ஜின் அணைந்துவிடாமல் வண்டி ஊர்ந்து போகும். சேற்றில் வேண்டியது இந்த ஊர்தல்தான். விரைந்து சுழலும் சக்கரம் தனக்குத் தானே குழி பறித்துக்கொள்ளும். மெல்லச் சுழலும் சக்கரம் மண்ணைப் பற்றிக்கொள்ளும். எருமை பூட்டி வயல் உழுதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தது. ஜீப்புகள் கொண்டுவரப்பட்ட இடங்களிலெல்லாம் அவை மலிவு விலைக்குக் கிடைத்தன. பிலிப்பீன்ஸ் மக்கள் அவற்றின் பின்புறத்தை நீட்டி, கூரையிட்டு, வண்ணம் தீட்டி, நகரில் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்னிகளாக மாற்றினர். அது காட்டு வண்டி நகருக்கு வந்த கதை. நாம் பார்க்க வேண்டியது பிரிட்டனில் நடந்ததை.

வேல்ஸ் நாட்டின் வடமேற்குக் கரையை ஒட்டி ஆங்கில்சி என்னும் தீவு உள்ளது. ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு அங்கே ஒரு பண்ணை இருந்தது. போர் முடிந்தபின் அவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கிப் பண்ணை வேலைக்குப் பயன்படுத்தினார். அது தேய்ந்துகொண்டே வந்தது. ‘இது முழுவதும் கெட்டுப்போனால் என்ன செய்வாய்?’ என்று அவருடைய அண்ணன் ஸ்பென்ஸர் வில்க்ஸ் கேட்டாராம். ‘இன்னொரு ஜீப்தான் வாங்க வேண்டும், வேறு வண்டி ஏது?’ என்று தம்பி சொன்னாராம். அண்ணனே ரோவர் நிறுவனத்தின் நிருவாக இயக்குநர். இந்தப் பேச்சிலிருந்துதான் லேண்ட் ரோவர் பிறந்தது என்று வண்டிப் பிரியர்கள் சொல்லி மகிழ்வார்கள். குடும்பப் பேச்சில் எவ்வளவு மெருகு சேர்ந்ததோ. ஆனால் ஜீப்பும் பண்ணையும் உண்மை.

1947ஆம் ஆண்டு கோடையில் ரோவர் பட்டறையில் முதல் மாதிரி வண்டி உருவாயிற்று. அதன் அடிச்சட்டம் ஜீப்பினுடையது. அச்சுகளும் ஜீப்பினுடையவையே. என்ஜின், ரோவர் நிறுவனத்தின் கார் ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. ஓட்டுநர் இருக்கை வலப்புறமும் இல்லாமல் இடப்புறமும் இல்லாமல், உழவு இயந்திரத்தில் இருப்பதுபோல் நடுவே வைக்கப்பட்டது. எந்த நாட்டுக்கு விற்றாலும் ஒரே வடிவம் போதும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிறகு இது வசதிப்படாது என்று கைவிடப்பட்டது. அந்த முதல் மாதிரி வண்டி இன்று இல்லை.

நேயர்களே, அக்காலத்துப் பிரிட்டன் போரில் வென்றதெனினும் பொருளாதாரத்தில் நொந்து கிடந்தது. எஃகு கட்டுப்பாட்டுப் பொருளாக இருந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே எஃகு ஒதுக்கீட்டில் முன்னுரிமை. ரோவர் நிறுவனத்தின் கவெண்ட்ரி தொழிற்சாலை குண்டுவீச்சில் சேதமுற்றிருந்தது. போர்க்காலத்தில் விமான வேலைக்காகக் கட்டப்பட்ட சோலிஹல் தொழிற்சாலையில் கார் செய்ய இடம் இருந்தது. கார் செய்யத்தான் போதிய எஃகு இல்லை. இந்த நெருக்கடிதான் லேண்ட் ரோவரின் உருவத்தைத் தீர்மானித்தது.

எஃகுத் தகடு கிடைக்கவில்லையா, அலுமினியக் கலவை இருக்கிறது என்றார்கள். விமானம் செய்த காலத்து ஏற்பாடுகளால் அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. பர்மாபிரைட் என்ற பெயருடைய அந்தக் கலவை துருப்பிடிக்காது. உடற்பகுதிக்கு வளைவும் நெளிவும் தரப் பெரிய அச்சு இயந்திரங்கள் வேண்டும். அவற்றுக்குப் பெரும்பணம் வேண்டும். ஆகவே தகடுகளைத் தட்டையாகவே விட்டு, எளிய கருவிகளால் மடித்தார்கள். அடிச்சட்டத்துக்கும் நான்கு எஃகுப் பட்டைகளைப் பெட்டிபோல் சேர்த்துப் பற்றவைத்தார்கள். தொடக்கத்தில் பூசிய பச்சை வண்ணம்கூட விமானப்படைக்காகச் செய்து மிஞ்சிய வண்ணம் என்று சொல்லப்படுகிறது. பார்ப்பதற்குத் தகரப் பெட்டிபோல் இருக்கிறதே என்று நாம் எண்ணும் அந்த உருவம், செலவைக் குறைத்ததன் விளைவே. அழகை நாடி எவரும் அதை வரையவில்லை. இன்று அதையே அழகென்று கொண்டாடுகிறார்கள்!

1948 ஏப்ரல் 30ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. விலை 450 பவுன். கதவும் மேல்மூடியும் அந்த விலைக்குள் அடங்கா, அவற்றுக்குத் தனிப்பணம். 1.6 லிட்டர் என்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம். ஜீப்பின் அளவும் அதே 80 அங்குலந்தான்! என்ஜினின் விசையை வெளியே எடுத்து மரமறுக்கும் இயந்திரத்தையும் கதிரடிக்கும் இயந்திரத்தையும் ஓட்டும் ஏற்பாடும் இருந்தது. நெருக்கடி தீரும்வரை சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு நிறுத்திவிடலாம் என்றே நிறுவனம் எண்ணியிருந்தது. ஆனால் ஓரிரு ஆண்டுகளிலேயே அது ரோவர் கார்களைக் காட்டிலும் அதிகமாக விற்பனையாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லேண்ட் ரோவர் வெளிவந்து இரண்டு மாதங்கூட நிறைவடையவில்லை. 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை வரை அது நீடித்தது. இரப்பர்த் தோட்டத்துப் பாதைகளில் தாக்குதல் அஞ்சிய தோட்ட நிருவாகிகள் தங்கள் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இரும்புத் தகடுகளைப் பொருத்திக் கவசமிட்டார்கள். ஆலையில் பழுது பார்க்கும் பட்டறையே கவசம் செய்யும் பட்டறையாயிற்று. தகடு ஏறியதும் எடை கூடியது. எடை கூடியதும் ஸ்பிரிங்குகள் தாழ்ந்தன. பிரேக் பிடித்தால் வண்டி எளிதில் நிற்கவில்லை. ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்றியாக வேண்டும் என்ற பாடத்தை இந்நாட்டுப் பட்டறைகள் அப்போதே படித்துக்கொண்டன.

காட்டுமரத் தொழிலிலோ இன்னும் முரட்டுத்தனமான மாற்றம் நிகழ்ந்தது. போரில் மிஞ்சிய இராணுவ லாரிகளை வாங்கி, அவற்றின் கூண்டைக் கழித்து, என்ஜின் விசையால் இயங்கும் வின்ச் பொருத்தி, மலைக்காட்டிலிருந்து மரங்களை இழுத்துவரப் பயன்படுத்தினர். சீனத் தொழிலாளர் அதற்குச் ‘சான் தாய் வோங்’ என்று பெயரிட்டனர். மலைக்கு மன்னன் என்பது பொருள். பலவற்றில் கதவே இராது. வண்டி சரிந்தால் ஓட்டுநர் குதித்துத் தப்ப வேண்டுமே! எந்தத் தொழிற்சாலையும் வரைந்து தராத வண்டி அது. தீபகற்ப மலேசியாவின் காடுகளில் பல பத்தாண்டுகள் அதுவே மரம் இழுத்தது. பொறியியல் நூல்களில் அந்தப் பட்டறைக்காரர்களின் பெயர் இல்லை என்பது நமக்குக் குறையாகவே தோன்றுகிறது.

இனிக் கேமரன் மலை. 1885இல் வில்லியம் கேமரன் அளவெடுத்துச் சென்ற இந்த மேட்டுநிலத்துக்குத் தாப்பாவிலிருந்து சாலை ஏறியது 1930களின் தொடக்கத்திலேதான். அதையொட்டித் தேயிலைத் தோட்டங்கள் விரிந்தன. நம் மக்கள் அங்கே கொழுந்து கிள்ளவும் காடு திருத்தவும் சென்றனர். காய்கறித் தோட்டங்களும் பெருகின. முட்டைக்கோசு, தக்காளி முதலியவை செங்குத்தான சரிவுகளில் விளைகின்றன. சரிவின் உச்சியிலுள்ள தோட்டத்துக்கு லாரி ஏறாது. தலைச்சுமையாகக் கொண்டுவந்தால் கூலி கட்டாது. இந்த இடைவெளியைத்தான் பழைய லேண்ட் ரோவர் நிரப்பியது.

அந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன? பிரிட்டிஷ் படைகள் 1971ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து பெரும்பாலும் வெளியேறின. படையினர் கழித்த வண்டிகள் மலைக்கு வந்து சேர்ந்தன என்பது அங்குள்ளோர் வாய்மொழி. அரசாங்கத் துறைகளும் தோட்டங்களும் ஏலத்தில் விட்ட வண்டிகளும் உண்டு. எங்கிருந்து வந்தாலும், மலைக்கு வந்தபின் அவை பழைய வண்டிகளாக நீடிக்கவில்லை.

முதலில் மேற்கூரை போகும். கூடை அடுக்க இடம் வேண்டும் அல்லவா? பின்புறம் மரப்பலகையாலோ இரும்புக் கம்பியாலோ அடைப்புக் கட்டப்படும். பட்டை ஸ்பிரிங்கில் மேலும் இரண்டு பட்டைகள் ஏறும். அலுமினிய உடல் துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தாங்கும் அடிச்சட்டம் எஃகு. மலை மழையில் அது உள்ளிருந்தே அரித்துப்போகும். வெளியே பார்த்தால் வண்டி பளபளக்கும். அடியில் சுத்தியலால் தட்டினால் ஓட்டை விழும். ஆகையால் பழைய வண்டி வாங்குகிறவர் வண்ணத்தைப் பார்ப்பதை விட்டு, சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதே சிக்கனம். அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பது மலைப் பட்டறைகளின் அன்றாட வேலை.

அடுத்தது என்ஜின். 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியபின் பெட்ரோல் என்ஜின் பெருஞ்செலவு வைத்தது. இங்கே ஜப்பான் கைகொடுத்தது. ஜப்பானில் வண்டி பழையதாக ஆக, சோதனைச் செலவும் ஏறிக்கொண்டே போகும். அதனால் நன்றாக ஓடக்கூடிய வண்டிகளையே அங்குள்ளோர் கழித்துவிடுகின்றனர். அவற்றை இரண்டாக வெட்டி, என்ஜினுள்ள பாதியை நம் நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் வணிகம் வளர்ந்தது. ‘ஹாப் கட்’ கடை என்றால் இங்கே தெரியாதவர் இல்லை. இசுசு, நிசான் போன்ற நிறுவனங்களின் டீசல் என்ஜின்கள் இவ்வாறு பழைய லேண்ட் ரோவர்களுக்குள் குடியேறின. ஆங்கிலேயனின் கியர்ப் பெட்டிக்கும் ஜப்பானியனின் என்ஜினுக்கும் திருகாணித் துளைகள் பொருந்தா. இரண்டுக்கும் நடுவே, இரு பக்கத் துளைகளும் கொண்ட ஒரு தடித்த உலோகத் தட்டைக் கடைந்து வைப்பார்கள். அந்தத் தட்டு நூலளவு விலகி நின்றாலும் கிளட்ச் நெடுநாள் உழைக்காது. மாற்று வேலையில் திறமை அளக்கப்படுவது அங்கேதான்.

டீசல் என்ஜினுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி எழ வேண்டும். ஓடையைக் கடக்கும்போது விசிறி வாரியிறைக்கும் நீரில் மின்கம்பிகள் நனைந்தால் என்ஜின் நின்றுவிடும். டீசலுக்குத் தீப்பொறி வேண்டா. ஆனால் எந்த என்ஜினானாலும் மூச்சு விடும் வழியில் நீர் புகுந்துவிட்டால் ஆபத்து. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலேறும்போது நீர் இடங்கொடுக்காமல் நிற்க, உள்ளிருக்கும் தண்டு வளைந்துபோகும். காட்டில் ஓடும் வண்டிகளில் முன்கண்ணாடியை ஒட்டி ஒரு குழாய் கூரைவரை உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது என்ஜினுக்கு மூக்கு. பட்டறையில் சாதாரணக் குழாயைக் கொண்டே அதைச் செய்துவிடலாம். இணைப்புகளில் நீர் கசியாமல் இருந்தால் போதும்.

பணம் குறைவாக உள்ளவர் முதலில் எதில் செலவிட வேண்டும்? டயரில்தான் என்பது நம் கருத்து. மண்ணைத் தொடுவது அது ஒன்றே. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது அகன்று மண்ணில் பரவி நிற்கும். மணலிலும் சதுப்பிலும் இது ஒரு காசு செலவில்லாத உதவி. களிமண் சேற்றில் சக்கரத்தின் மேல் இரும்புச் சங்கிலி சுற்றுவதும் பழைய முறை. ஆனால் பெரிய டயர் கம்பீரமாக இருக்கும் என்று எண்ணி அளவுக்கு மிஞ்சிப் பொருத்தினால், பழைய லேண்ட் ரோவரில் ஒரு விளைவு உறுதி. பின்னச்சுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு முறியும். அந்த வண்டியின் பேர்போன பலவீனம் அது. டயர் பெரிதானால் தண்டு பெறும் முறுக்கமும் பெரிதாகும் என்பதை மறந்ததன் தண்டனை.

டிபரன்ஷியல் பற்றியும் ஒரு சொல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் ஓட வேண்டும். அதற்காக அச்சின் நடுவே வைத்த பற்சக்கர ஏற்பாடே டிபரன்ஷியல். சாலையில் அது நண்பன்; சேற்றில் பகைவன். ஒரு சக்கரம் வழுக்கினால் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். மற்றது கல்லைப் பற்றி நின்றாலும் சும்மா கிடக்கும். இரண்டையும் பூட்டிவைக்கும் கருவிகள் விற்பனைக்கு உண்டு, விலை அதிகம். ஏழையின் வழி, அந்தப் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுவது. சேற்றில் வண்டி ஏறிவிடும், உண்மைதான். ஆனால் தார்ச்சாலையில் திரும்பும்போது சக்கரம் இழுபட்டு, டயர் தேய்ந்து, தண்டும் முறியக்கூடும். மழையில் வண்டி ஓட்டுநரின் சொல் கேளாது. தோட்டத்தைவிட்டு வெளியே வராத வண்டிக்கு வேண்டுமானால் இது ஆகும். சாலைக்கு வரும் வண்டிக்கு நாம் இதை ஒப்பமாட்டோம்.

இங்கேதான் உயிரைப் பற்றிய கேள்வி எழுகிறது. மாற்று வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை நினைத்தே மாற்றினார்கள். வலிய என்ஜின், உயர்ந்த ஸ்பிரிங், அதிகச் சுமை எல்லாம் ஏறுவதற்கு. ஏறிய வண்டி கூடை நிறையக் காய்கறியோடும், சில வேளைகளில் கூடைமேல் தொழிலாளரோடும் இறங்கியும் வர வேண்டுமே! பழைய லேண்ட் ரோவரின் பிரேக், பழைய எடைக்கும் பழைய வேகத்துக்கும் செய்யப்பட்ட டிரம் பிரேக். நீரில் நனைந்தால் பிடிப்புக் குறையும்; நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி அப்போதும் பிடிப்புக் குறையும். வண்டியை உயர்த்தினால் அதன் எடை நடுவமும் உயர்ந்து, சரிவில் குப்புறக் கவிழும் வாய்ப்புக் கூடும். அனுபவமுள்ள மலை ஓட்டுநர் இறக்கத்தில் பிரேக்கை நம்புவதில்லை. வண்டியை நிறுத்தித் தாழ்நிலைக் கியரை இட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்குகிறார். ஏறுவதற்கு என்று 1940இல் வைத்த கியர், இறங்குவதற்கும் அதுவே காப்பு. என்ஜினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதியைப் பலர் தொல்லை என்று கருதுகிறார்கள். கூடைமேல் அமர்ந்து வரும் பெண்களின் கண்கொண்டு பார்த்தால் அது தொல்லையாகத் தெரியாது.

பிரிட்டனிலும் இதே வேலை நடந்தது. ஆனால் அங்கே அது பொழுதுபோக்கு. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் பணக்காரரின் வண்டி. அதில் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் இருந்ததால், மேடுபள்ளத்தில் சக்கரங்கள் தாராளமாக மேலும் கீழும் அசைந்து மண்ணைவிட்டு எழாமல் ஓடின. அதன் உடலோ விரைவில் துருவுக்கு இரையாயிற்று. 1980களில் துருப்பிடித்த ரேஞ்ச் ரோவர்கள் மலிந்தபோது, இளைஞர்கள் அவற்றின் வாலை வெட்டிக் குறுக்கினர். அல்லது உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய லேண்ட் ரோவரின் உடலை அதன்மேல் வைத்தனர். நிறுவனமே 1983இல் சுருள் ஸ்பிரிங் பொருத்திய லேண்ட் ரோவரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு முதல் ‘ரெயின்பாரஸ்ட் சேலஞ்ச்’ என்னும் போட்டி, பருவமழை கொட்டும் காலத்தில் காட்டுப் பாதைகளில் நடத்தப்பட்டது. வெளிநாட்டாரும் வந்து கலந்துகொண்டனர். வின்ச், சேற்று டயர், கூரைவரை உயரும் மூச்சுக்குழாய் என்று மரத்தொழிலாளரும் தோட்டக்காரரும் தேவைக்காகக் கண்டவையெல்லாம் அங்கே பெரும் பணச் செலவில் மின்னின. அதில் தவறேதும் இல்லை. ஆனாலும் ‘மலைக்கு மன்னனை’ ஓட்டியவர் அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார் என்றே எண்ணுகிறோம்.

பழைய வண்டியின் ஆயுளுக்குச் சிங்கப்பூரோடு தொடர்புடைய ஒரு சான்றும் உண்டு. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, பர்மாவின் காடுகளையும் கடந்து 1956 மார்ச்சில் சிங்கப்பூரை வந்தடைந்தனர். அந்த இரண்டில் ‘ஆக்ஸ்போர்டு’ என்னும் வண்டி பின்னர் அட்லாண்டிக் கடலின் நடுவே உள்ள செயிண்ட் ஹெலினா தீவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மீட்டுச் செப்பனிட்டார்கள். 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து திரும்பிப் புறப்பட்டு, டிசம்பரில் அது இலண்டனை அடைந்தது. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பும் பயணம்!

2016 ஜனவரி 29ஆம் நாள், சோலிஹல் தொழிற்சாலையில் பழைய வடிவ லேண்ட் ரோவர்களின் கடைசி வாரிசான டிபெண்டர் செய்வது நிறுத்தப்பட்டது. 1948இலிருந்து அதுவரை செய்யப்பட்டவை இருபது இலட்சத்துக்கு மேல். செய்வது நின்றதும் பழையவற்றின் மதிப்பு ஏறியது. சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். உழவருக்கு மலிவாகக் கிடைத்தது என்பதற்காகவே மலைக்கு வந்த வண்டி, இன்று மலிவுப் பொருள் அல்ல. கேமரன் மலையில் ஜப்பானிய பிக்கப் வண்டிகள் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. ஆயினும் தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரத்துத் தோட்டச் சரிவுகளில், ஆங்கிலேயரின் அலுமினிய உடலும் ஜப்பானியரின் டீசல் என்ஜினும் உள்ளூர்ப் பட்டறையின் பற்றவைப்பும் கொண்ட பழைய லேண்ட் ரோவர்கள், தாழ்நிலைக் கியரில், முட்டைக்கோசுக் கூடைகளோடு இன்னும் இறங்கி வந்துகொண்டிருக்கின்றன.